தெரிஞ்சவங்க

துறைமுகத்தில் அவரை எல்லோரும் டைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசிய சமயத்தில் அந்த வார்த்தையால் ஒரு குழப்பம் வந்தது. இடையில் நின்று பேசியவர், "பொண்ணோட அப்பா துறைமுகத்துல டைவர்" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா காதில் அது டிரைவர் என்று விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாள், "லாரியா, கிரேனா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்லீங்க, கப்பலுக்கு அடியில" என்றார் இவர்.

"கப்பலுக்கு அடியில என்னத்த ஓட்டுவீங்க?"

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்காரும்போதெல்லாம் அந்தக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். சம்பந்தியம்மாவே முதலில் சிரிப்பாள்.

இருபத்து நான்கு வருஷமாக அவருக்கு வேலை தண்ணீரில் முங்கி, கப்பலின் வயிற்றுக்குக் கீழேதான். அடிப்பாகத்தில் அப்பிக் கிடக்கும் சிப்பியைச் சுரண்ட வேண்டும். விசிறியில் கயிறோ வலையோ சுற்றிக்கொண்டால் அறுத்தெடுக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களில் அடைத்திருக்கும் குப்பையைக் கையால் வழித்துப் போட வேண்டும். துறைமுகத் தண்ணீர் கறுப்பு. மூக்குக்கு நேரே பிடித்த கை தெரியாது. எல்லாமே தடவித் தடவித்தான். சிப்பியின் விளிம்பு பிளேடு மாதிரி. கையுறையைத் தாண்டிக் கிழிக்கும். அவருடைய இரண்டு கைகளும் யாரோ கோணல்மாணலாகக் கிறுக்கிப் பழகிய சிலேட்டுப் போல இருக்கும். மேலே படகிலிருந்து ஒரு குழாயில் காற்று வரும். கூடவே ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மேலே உட்கார்ந்திருப்பான். ஒரு இழுப்பு என்றால் நலமா என்று அர்த்தம், நான்கு இழுப்பு என்றால் மேலே வா. மணி பார்ப்பதும் மேலே இருப்பவன் பொறுப்பு. கீழே இறங்கியவனுக்கு மணி கிடையாது.

வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனைதான் அவரைக் கவிழ்த்தது. காதில் மாட்டிய கருவியில் சத்தம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். டாக்டர் பொத்தானை அழுத்தும்போது தோள் லேசாக அசையும். மூன்று வருஷமாக அந்தத் தோளைப் பார்த்துத்தான் அவர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். இந்த முறை வந்தவர் புது டாக்டர்; ஒரு பெண். மூன்றாவது தடவை கை தூக்கியதும் அவள் எழுந்து வந்து அவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். சுவரைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"வலது காது போயிடுச்சு. இடதுல பாதிதான் இருக்கு. தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

"கண்ண மூடிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க."

நின்றார். கண்ணைத் திறந்தபோது டாக்டரின் மேஜையைக் கட்டிப் பிடித்திருந்தார்.

மேற்பார்வையாளர் நல்லவிதமாகத்தான் பேசினார். "கொஞ்ச நாள் வீட்டுல இரு. கரையில ஏதாவது இடம் இருக்கான்னு பாத்துட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றார். அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிடத்தான் நினைத்தார். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அன்று விரலில் கொப்புளத்தோடு வந்திருந்தாள். வலியைப் பற்றிப் பேசாமல், கூட வேலை செய்கிறவள் இயந்திரத்தில் தன் சொந்தப் புடவையை விட்டுவிட்டுத் தேடிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். விடிந்ததும் அவள் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வாசலில் வந்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டதுதான் தப்பு. வாங்கிக்கொண்ட பிறகு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்.

நகரத்தின் விளிம்பில், பெரிய பெரிய கம்பெனிகள் போன வருஷத்துச் சரக்கைத் தள்ளுபடி விலைக்குத் தள்ளுகிற கடைத்தெரு ஒன்று இருந்தது. செருப்பு, சட்டை, கைப்பை, வாசனைத் தைலம் என்று வரிசையாகக் கண்ணாடிக் கடைகள். வெயிலுக்கு ஒதுங்கித்தான் அவர் உள்ளே போனார். ஒரு கடிகாரக் கடையின் முகப்பில் தண்ணீர்த் தொட்டி வைத்து அதற்குள் கடிகாரத்தைப் போட்டிருந்தார்கள். பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். நீலத் தண்ணீரில் ஒருவன் மீன்களோடு மிதக்கிறான். அவன் மணிக்கட்டில் அந்தக் கடிகாரம். அப்படிப்பட்ட தண்ணீரை டைவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அவரை நிறுத்தியது அந்தத் தண்ணீர் இல்லை. கடிகாரத்தைச் சுற்றியிருந்த வளையத்தை யாரோ தப்பாக வைத்திருந்தார்கள். அதைச் சொல்லலாமே என்று உள்ளே போனார்.

உள்ளே விற்பனைக்கு ஒரே ஒரு பெண்மணிதான். கறுப்புக் கோட்டு, நாற்பதைத் தாண்டிய வயசு, ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த வளையம் ஏன் ஒரே பக்கமாச் சுத்துது, தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது சார். யாரும் கேட்டதில்ல."

"எறங்கும்போது இந்தப் புள்ளிய நிமிஷ முள்ளுக்கு நேரா வெச்சுக்கணும். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இதுல தெரியும். எங்கியாவது இடிச்சு நகந்துட்டாக்கூட, அதிக நேரம் ஆன மாதிரிதான் காட்டும். கம்மியாக் காட்டாது. சீக்கிரம் மேல வந்தவனுக்கு ஒண்ணும் ஆவாது. லேட்டா வந்தவன் போய்ச் சேந்துடுவான்."

அவள் அதை எடுத்து அவர் கையில் கட்டினாள். எஃகின் குளிர்ச்சி முதலில் மணிக்கட்டில் ஏறியது, பிறகு கனம். "உக்காருங்க சார்" என்று வெல்வெட் நாற்காலியைக் காட்டி, தானும் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க டைவரா?"

டிரைவர் என்று அவள் சொல்லவில்லை. அவருக்கு அதுவே பெரிதாக இருந்தது. "ஆமா."

"சொந்தக் கம்பெனியா?"

அவர் சிரித்தார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். பைக்குள் துண்டுக்கு அடியில் நல்ல சட்டை ஒன்றை மடித்து எடுத்துப் போய், பஸ் நிலையக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிவிடுவாள். நீல முகம், கறுப்பு முகம், இருட்டில் பச்சையாக ஒளிரும் முள். வேறு யாராவது உள்ளே வந்தால் இவரே எல்லாவற்றையும் விளக்குவார். "சார் சொந்தமா டைவிங் கம்பெனி வெச்சிருக்காங்க" என்று அவள் வந்தவர்களிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். ஐந்தாவது நாள் அவரே, "இப்பெல்லாம் ஆளுங்கதான் எறங்குறாங்க. நான் மேல நின்னு பாத்துக்கறதோட சரி" என்றார். ஒருவர் அவர் பேச்சைக் கேட்டே ஒரு கடிகாரம் வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது மட்டும் பாதியிலேயே மூடிவிடத் தோன்றும். மிச்சம் வைத்தால் மனைவி கேட்பாள் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி விழுங்குவார்.

ஒன்பதாவது நாள் மழை வருவது போல் மூடிக் கிடந்தது. நாலு மணி இருக்கும். நீல முகக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கையைத் தூரத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு இருந்தது அவருடைய வலது பக்கம். திறந்ததும் தெரியவில்லை, காலடியும் கேட்கவில்லை. எதிரே இருந்த கடைக்காரம்மா எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் திரும்பினார்.

சம்பந்தியம்மா கையில் ஒரு செருப்புக் கடைப் பையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவருடைய மனைவி. வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள் போல. சலவைக்கூடத்து நீல மேலங்கி, நீராவியில் சுருங்கிய முன்பக்கம், வார் அறுந்து ஊக்குப் போட்ட ரப்பர் செருப்பு.

"நான்தான் சொன்னேன்ல, கண்ணாடி வழியாப் பாத்தப்பவே, உங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்குன்னு" என்று சம்பந்தியம்மா மனைவியிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். இவருக்குப் பாதிதான் கேட்டது.

கடைக்காரம்மா மனைவியைப் பார்த்துச் சிரித்து, "வாங்க மேடம். உங்க வீட்டம்மாவா சார்?" என்று கேட்டாள்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார்.

"இல்ல. தெரிஞ்சவங்க" என்றார்.

சொன்ன பிறகும் அந்த வார்த்தை போகாமல் அங்கேயே நின்றது. சம்பந்தியம்மா கையிலிருந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். மனைவி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கடையில் விலை கேட்டு, அது தனக்கு எட்டாது என்று தெரிந்ததும் பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பவளைப் போல இருந்தாள்.

"ஆமாங்க" என்றாள் கடைக்காரம்மாவிடம். "ரொம்ப நாளாத் தெரியும்." பிறகு சம்பந்தியின் முழங்கையைத் தொட்டு, "வாங்க சம்பந்தி, பஸ் போயிடும்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கடிகாரத்தைக் கழற்ற முயன்றார். கொக்கி விடவில்லை. கடைக்காரம்மாதான் கழற்றிவிட்டாள்.

வழக்கமாகப் போகிற நேரத்துக்கே வீட்டுக்குப் போனார். வெளிச்சம் இன்னும் இருந்தது. மனைவி சமையலறையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தாமலே கேட்டாள்.

"எத்தன நாளா?"

"ஒம்போது."

"எனக்கு ஆறு நாளாத் தெரியும்."

"எப்படி?"

"துண்டுல உப்பு இல்ல. இருவத்து நாலு வருஷமா அந்தத் துண்ட நான்தான் தொவைக்கிறேன். ஆஸ்பத்திரித் துணியில எது ரத்தம், எது மருந்துன்னு பாக்காமலே சொல்றவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குழாயை நிறுத்தினாள். "அப்புறம் நல்ல சட்டையோட காலர்ல அழுக்கப் பாத்தேன். அலமாரியில இருக்குற சட்டைக்கு எப்படி அழுக்கு வரும்? என்ன நெனச்சிருப்பேன்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. எவளாவது இருப்பாளோன்னு நெனச்சேன். சீ, இந்த வயசுல இப்படி ஒரு நெனப்பான்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

அவர் வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார். காது போனதை, நாற்காலியைத் திருப்பி வைத்ததை, மேஜையைக் கட்டிப் பிடித்ததை எல்லாம் சொன்னார். டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பியதையும் சொன்னார். அவள் மீனை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காது போச்சுன்னு அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டு சோத்தப் போட்டிருப்பேன். வேல போனா போவுது. எவனுக்குத்தான் போவல? பொய் சொன்னதக்கூட விடுங்க. ஆம்பளைக்கு ஒரு வீம்பு இருக்கும். ஆனா அந்தம்மா கேட்டதுக்கு இல்லன்னு சொன்னீங்களே."

"வாய் தவறி..."

"வாய் தவறல. என் செருப்பப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் சொன்னீங்க."

அவர் படியில் ஒட்டிக் கிடந்த ஒரு மீன் செதிலை நகத்தால் சுரண்டினார்.

"எவளாவது இருந்திருந்தாக்கூடத் தேவலபோல. அவகிட்டயாவது, எனக்குப் பொண்டாட்டி இருக்கான்னு சொல்லியிருப்பீங்க."

வெளியே தூறல் போட ஆரம்பித்தது. அவள் எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மடிப்பது அவளுக்குக் கை தானாகச் செய்கிற வேலை. மூலைக்கு மூலை சேர்த்துக்கொண்டே பேசினாள்.

"சம்பந்தியம்மா பஸ்ல ஒண்ணும் பேசல. எப்பவும் காதப் புண்ணாக்குற மனுஷி, ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாங்க. எறங்கும்போது என் கையப் புடிச்சு, 'நான் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லிக்க மாட்டேன்'னாங்க. அதுக்கு ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போயிருக்கலாம். அவங்க வாய மூடிக்கிட்டு என்னைக் காப்பாத்துற அளவுக்கு வந்துடுச்சு பாருங்க."

அவர் எழுந்து வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்தார். அவள் அதை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டு தானே மடித்தாள்.

"நாளைக்கு உனக்கு மத்தியானத்துக்கு மேலதானே வேல?" என்று கேட்டார். "காலையில என்கூட அந்தக் கடைக்கு வா."

"நான் எதுக்கு? நான் யாரு அங்க?"

"அதச் சொல்லத்தான்."

காலையில் அவர் புறப்பட்டபோது அதே நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவரும் அன்று பழைய சட்டையில்தான் போனார்.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரம்மா துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"இவங்க என் சம்சாரம். நேத்து நான் இல்லன்னு சொன்னது பொய். எனக்குக் கம்பெனி கிடையாது. கப்பலுக்கு அடியில சிப்பி சொரண்டுற வேல. இப்ப அதுவும் இல்ல. இவ்வளவு நாளா உங்க நேரத்த வீணாக்கிட்டேன். இனிமே வரமாட்டேன்."

கடைக்காரம்மா துணியை நான்காக மடித்து வைத்தாள்.

"கம்பெனி இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும் சார்."

"எப்படி?"

"கையப் பாத்தேன். மொதலாளி கை அப்படியா இருக்கும்?"

"அப்புறம் எதுக்கு தெனம் எடுத்து எடுத்துக் காட்டுனீங்க?"

அவள் கூரை மூலையிலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள். "இந்தக் கடையில வாங்க வந்தவங்க உக்காந்தாத்தான் நாங்க உக்காரலாம். இல்லேன்னா பத்து மணி நேரம் நின்னுகிட்டே இருக்கணும். எனக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கு. நீங்க வந்து உக்காந்தா, எனக்கும் உக்கார ஒரு சாக்கு. அதான் நீங்க சொன்னதுக்கெல்லாம் ஆமா போட்டேன். என் பேர்லயும் தப்பு இருக்கு."

டைவருக்கு முகம் சூடாகியது. இத்தனை நாளும் தன் பேச்சைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தார்.

மனைவி போய் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காருங்கம்மா" என்றாள் கடைக்காரம்மாவிடம். அவள் உட்கார்ந்ததும், கண்ணாடிக்குள் இருந்த நீல முகக் கடிகாரத்தைக் காட்டி, "இதத்தான் இவரு கட்டியிருந்தாரா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. மேடத்துக்கும் கட்டிவிடட்டுமா?"

"வேணாம். நாள் பூரா ஈரத் துணியில கெடக்குற கை. தண்ணியில எவ்வளவு ஆழம் போவும் இது?"

"முந்நூறு மீட்டர்."

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க?"

"முப்பது. அதுவே அதிகம்."

"அது போவும்" என்றாள் அவள். "அதுக்கு என்ன, காதா இருக்கு?"

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் அவர், "சொல்லிட்டேன்" என்றார், ஏதோ பாரம் இறங்கியவர் போல.

"இங்க சொன்னது பெரிய காரியமா? இவங்க நமக்கு யாரு? நாளைக்கு ரோட்டுல பாத்தா தெரியப்போறது இல்ல. சொல்ல வேண்டிய எடம் வேற."

"சம்பந்தி வீட்டுலயா?"

"பொண்ணு இருக்குறப்ப."

அவருடைய வேலை விஷயம் பின்னால் ஒருமாதிரி சரியாயிற்று. இரண்டு மாசம் கழித்து மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பினார். படகில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. சம்பளம் குறைவு, காதும் அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதெல்லாம் அவருக்குத் தெரியாது. மனைவிக்கு இந்தப் பக்கம் உட்காருவதா, அந்தப் பக்கம் உட்காருவதா என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பின் இருக்கையில் உட்கார்ந்து போனார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். "என்னப்பா, சொல்லாம கொள்ளாம?" என்று சிரித்தாள். சம்பந்தியம்மா உள்ளிருந்து வந்தவள், இருவரையும் பார்த்ததும், "வாங்க, வாங்க. நான் போய்க் காப்பி போடுறேன்" என்று அவசரமாகத் திரும்பினாள்.

"சம்பந்தி, நீங்களும் இருங்க" என்றார் அவர். "நீங்க பாத்ததுதான். ஆனா நான் என் வாயால சொல்லணும்."

சொன்னார். வேலை போனதைச் சொன்னபோது மகள், "ஐயோ அப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள். கடையில் நடந்ததைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது, மகள் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சம்பந்தியம்மாதான் கடைசியில், "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க" என்றாள்.

மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தான். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், மகள் பரிமாறினாள். மற்ற இருவருக்கும் வைத்துவிட்டுக் கடைசியாக அப்பாவிடம் வந்தாள். யார் வீட்டு ஆளுக்கோ வைப்பது போலத் தள்ளி நின்று கொஞ்சமாகச் சோறு வைத்தாள். அவர் குனிந்தபடி அதைச் சாப்பிட்டு முடித்தார்.

"இன்னும் போடவா?" என்று கேட்டாள் மகள், அவருடைய தட்டைப் பார்த்து.

"போதும்மா" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை. மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே, மகளிடம் சொன்னாள்:

"அவரக் கேக்காதே. கேட்டா போதும்னுதான் சொல்லுவாரு. பேசாமப் போடு."

மகள் ஒரு கரண்டி நிறையப் போட்டாள். அவர் சோற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிசையவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.